எடுத்துப்போட்ட வரி

"கஷ்டமான வரின்னு நீங்க எடுத்துப்போட்டீங்க. அது இருந்திருந்தா தறியில அந்தப் புள்ளையோட விரல் தப்பிச்சிருக்குமுங்க சார்!"

கருமத்தம்பட்டியில் ஏறிய டீச்சரின் குரலுக்கு பஸ்ஸே திரும்பியது. தறி ஓட்ட வந்த ஒடிசாப் பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர் அவர். பக்கத்தில் இருந்தவர் பாடம் எழுதித் தருபவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மெஷின் பாடம் பத்து வரிக்குள்ள இருக்கோணும்னாங்க டீச்சர். 'இயக்கம் முற்றிலும் நின்றதை உறுதிசெய்த பின்னரே'ன்னு இருந்துச்சு. அந்தப் புள்ளைங்க வாயில நுழையாதுங்களே."

"வார்த்தையத்தானுங்க சுலபமாக்கோணும்? விஷயத்தையே தூக்கிப்போடுவீங்களா? உங்களை நம்பி நானும் அந்த வரி இல்லாமயே சொல்லிக்கொடுத்தேனே! 'மெஷினை நிறுத்து. நின்னுச்சான்னு பாரு. அப்புறம் கை வை.' இப்படித்தான் நேத்து போர்டுல எழுதினேன். அத்தனை பேரும் படிச்சாங்க."

"ஒரு வரி மூணாயிருச்சுங்களே..."

"முப்பது ஆகட்டுமே! அவங்க படிச்சதை வச்சுத்தான் வேலை செய்யறாங்க. இல்லாத வரியை எப்படிங்க படிப்பாங்க?"

பாடம் எழுதுபவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பீளமேடு வந்தபோது டீச்சரைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தப் புள்ள இன்னும் கிளாஸுக்கு வருதுங்களா?"

"வருதுங்க. இடது கையில எழுதிப் பழகுது."