பங்காளிக்குத் தெரிந்த பாஸ்வேர்டு

"...குலசாமி பேரை வைஃபைக்கு பாஸ்வேர்டா வெச்சா, பங்காளிங்க அத்தினி பேருக்கும் தெரியாம இருக்குமா?"

வேலூர் பஸ்ஸில் என் முன் சீட்டில் இருந்த அம்மா கேட்டது அது. பக்கத்தில் அவர் கணவர். ஆரணியில் பட்டுப் புடவைக் கடை வைத்திருப்பவர்கள்.

"சாமி காப்பாத்தும்னு வெச்சேன்மா."

"நல்லா காப்பாத்திச்சி! நம்ம தறியில பாதி நெய்யறதுக்குள்ள அதே பார்டரு பக்கத்துக் கடை பங்காளி ஷோகேஸ்ல தொங்குது. அந்த வைஃபைல நொழஞ்சி நம்ம கம்ப்யூட்டர்ல இருந்துதான் எடுத்துகினு போயிருக்காரு."

"அதுக்காக பேரை எடுத்தா சாமி குத்தம் ஆயிடும்."

"சாமி பேரு கடை போர்டுல இருக்கட்டும். இதுக்கு யாருக்கும் தோணாததா நீட்டமா ஒண்ணு நான் வெக்கறேன். தை மாச டிசைனாவது நமக்கு மிஞ்சணும்."

"கல்யாணத்த முடிச்சிகினு வந்து மாத்தலாம். பேஜார் பண்ணாத."

"கம்ப்யூட்டரை நிறுத்திட்டுத்தானே வந்தீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஓடிகினுதான் கீது. தை மாச டிசைன் பென்டிரைவ்ல காப்பி ஆவட்டும்னு உட்டுட்டேன்."

அந்த அம்மா மடியிலிருந்த பரிசுப் பெட்டியைத் தூக்கி அவர் மடியில் வைத்தார். "நீங்க போய் அட்சதை போட்டுட்டு வாங்க" என்றவர், கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸை நிறுத்தி இறங்கினார். ரோட்டைத் தாண்டி, எதிரே வந்த ஆரணி பஸ்ஸுக்குக் கை காட்டினார்.