பெயர் போடாத பன்னிரண்டாம் பகுதி

என்னைப் பேசச் சொல்லிவிட்டு, நான் ஒலிவாங்கியைத் தொடும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத்தலைவி, ஹெரன் பே ஃபின்னிய மன்றத்தின் சைமா ருவோனென் அவர்களே! மழையையும் முழங்கால் வலியையும் ஒருசேர வென்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோரே! இடுப்பில் குழந்தையும் கையில் ஏலக்காய் ரொட்டியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! மரத்தூள் உதறாத சட்டையோடு ஆலையிலிருந்து நேரே வந்திருக்கும் என் தோழர்களே! ஆற்றை அறிந்த மீனவப் பெருமக்களே! தொலைதூர நகரங்களிலிருந்து குறிப்பேட்டோடு வந்திருக்கும் பத்திரிகை நண்பர்களே! எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தாம் வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் திரைப்பட இயக்குநர் ஹெர்ப் டக்கெட் அவர்களே! இல்மா கோர்ஹோனெனின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் யார்? இருபத்தாறு ஆண்டுகளாக ஆலை ரம்பங்களுக்குப் பல் தீட்டுகிறவள். நடிப்பு அறியேன், நாடகம் அறியேன். என்ன டெல்பர்ட், ஆலைத் தோழனே, அங்கிருந்தே குரல் கொடுக்கிறாய்? ஆமாம், சம்பள உயர்வு கேட்கும்போது நான் அழுதது நடிப்புதான். அதை முதலாளி முன்னால் சொல்லாதே!

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். காத்திருக்கத் தெரியும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் காலையில் என் கணவர் ஏய்னோ, சால்மன் பிடிக்க ஆற்றுமுகத்துக்குப் போனார். மூடுபனி இறங்கியது. மூடுபனி விலகியது. ஏய்னோ வரவில்லை. படகின் ஒரு பலகைகூட வரவில்லை. அன்றிலிருந்து நான் மேசையில் இரண்டு தட்டுகள் வைத்து வந்தேன்.

பிறகு இந்த ஊருக்கு லியோனார்ட் வாஸ் வந்தார். ‘பனித்துறை’ என்ற தொலைக்காட்சித் தொடரை எடுக்க வந்தார். மூடுபனிக்குள் போன தாமஸ் என்பவனின் மேலங்கி மட்டும் ஒரு வாரம் தானாகத் தெருவில் நடந்து வருகிறது. மறுவாரம் அவன் காலணியை மாட்டிக்கொண்டு ஒரு மான் வாசலில் நிற்கிறது. எப்பேர்ப்பட்ட மர்மம்! எப்பேர்ப்பட்ட மயக்கம்! அந்தத் தாமஸின் மனைவியாக நடிக்க நாற்பது நடிகைகளைப் பார்த்தவர், ஆலை உணவறையில் நான் சூப் குடிப்பதைப் பார்த்துவிட்டு, “நீங்கதான்” என்றார்.

பதினோரு பகுதிகள் முடித்தார். பன்னிரண்டாம் பகுதிக்கு முன் அவர் இதயம் நின்றுபோனது. அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் ஒரு வரி இருந்தது: ‘கடைசிப் பகுதியை யார் இயக்குவது என்பதை இல்மா முடிவு செய்யட்டும்.’

தொடரைத் தயாரித்த நிறுவனம் மூன்று பெயர்களை அனுப்பியது. ஒரு மாதத்துக்குள் ஒருவரைச் சொல்லாவிட்டால் கதை அந்தரத்தில் நின்றுவிடும் என்றும் சொன்னது. கணவரின் முடிவு தெரியாத நான், கதையின் முடிவும் தெரியாமல் நிற்பதா?

அந்த ஒரு மாதம் இந்த ஊர் என்ன பாடுபட்டது! ஆலை உணவறையில் ஆளாளுக்கு ஓர் இயக்குநரைக் கற்பனை செய்தீர்களே, மறந்துவிட்டீர்களா?

டெல்பர்ட் சொன்னான்: “சண்டைப்பட ஆளு யாராவது வரட்டும் இல்மா. மூடுபனிக்கே மூக்குல ஒரு குத்து விடுவாரு!”

மதுக்கடை வெர்னா விடவில்லை. “காதல்பட ஆளா இருந்தா ரெண்டாவது காட்சியிலயே தாமஸ் வயலினோட வந்து நின்னுடுவான். நீ ஓடிப்போய் அவன்மேல விழணும். அதுவும் மெதுவா, மூணு தடவை.”

“என் முட்டிக்கு ஒரு தடவையே ஜாஸ்தி,” என்றேன்.

பாஸ்டர் லார்ஸ் கோப்பையை வைத்துவிட்டு, “ஆவணப்பட ஆளு வந்தா மூடுபனியையே நாற்காலி போட்டு உட்கார வச்சுப் பேட்டி எடுப்பாரு,” என்றார்.

“பேய்ப்பட ஆளு வந்தா குழாயைத் திறந்ததும் ரத்தம் கொட்டும்!” என்றான் டெல்பர்ட்.

“கொட்டட்டும். என் வீட்டுக் குழாயில ஏதாவது ஒண்ணு ஒழுங்கா வரட்டுமே,” என்றாள் வெர்னா.

சிரித்தோம். சிரித்துச் சிரித்து ஓய்ந்தபோது பயம் வந்தது. ஏனென்றால் தேர்ந்தெடுக்க வேண்டியவள் நான்.

மூவரிடமும் தொலைபேசியில் ஒரே கேள்வி கேட்டேன்: “தாமஸ் எங்க போனாரு?”

முதலாமவர் பேய்ப்படங்களின் பேரரசர். “எல்லாத்தையும் நான் விளக்கிடுவேன். பூமிக்கு அடியில இன்னொரு ஊர் இருக்கு,” என்று முக்கால் மணிநேரம் விளக்கினார். இரண்டாமவர் விருதுகளின் வேந்தர். “அது முக்கியமே இல்லம்மா. எனக்கு அந்த வெளிச்சம்தான் முக்கியம்,” என்றார். மூன்றாமவரோ, எண்ணிக்கையை நிரப்புவதற்காகச் சேர்க்கப்பட்டவர். மாமியார் கூரையில் மாட்டிக்கொள்ளும் படம் எடுத்தவர். இரண்டு நாய்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் படம் எடுத்தவர். நம் ஹெர்ப் டக்கெட்!

அவர் சொன்னார்: “எனக்குத் தெரியலம்மா. உங்க வீட்டுக்காரர் எங்க போனாருன்னு உங்களுக்கே தெரியாதுன்னு சொன்னாங்க. அவருக்கு இன்னும் தட்டு எடுத்து வைக்கிறீங்களா?”

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். அழுது முடித்து, நிறுவனத்தை அழைத்து அவர் பெயரைச் சொன்னேன். “நாய்க் கல்யாணக்காரரா?” என்றார்கள். “அவரேதான்,” என்றேன்.

வந்தார். பழைய மீன் பதப்படுத்தும் கொட்டகையில் சமையலறை ஒன்றை எழுப்பினார். கடைசிக் காட்சியில், வானொலி வழியாகத் தாமஸின் குரல் வந்து, தான் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். எழுதிய தாளை என்னிடம் நீட்டினார். “இதைக் கேட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்குமா?”

“இல்ல. யாரோ எழுதினதுன்னு தெரியும்.”

பேனாவை எடுத்து அந்தக் குரலை முழுவதுமாக அடித்தார். ஒளிப்பதிவாளரைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பினார். “தட்டு வைங்க. அப்புறம் என்ன செய்யணுமோ செய்யுங்க. எப்ப முடியுதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் நிறுத்த மாட்டேன்.”

இரண்டு தட்டுகள் வைத்தேன். உருளைக்கிழங்கும் மீனும் பரிமாறினேன். காலி நாற்காலியைப் பார்த்தேன். தாமஸ் என்று சொல்ல வேண்டிய வாய், பதினோரு ஆண்டுகள் பூட்டி வைத்திருந்த பெயரைச் சொல்லிவிட்டது. “ஏய்னோ, ஆறிப்போகுது. நான் சாப்பிட ஆரம்பிக்கிறேன்.”

சாப்பிட்டேன், நண்பர்களே. கடைசி வாய் வரை சாப்பிட்டேன். நாலு நிமிடம் அந்தக் கேமரா என்னைவிட்டு நகரவில்லை. நான் “முடிஞ்சுது” என்றபோது, ஹெர்ப் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்.

நிறுவனம் கொதித்தது. பெயர் தவறாம்! தாமஸ் என்று குரலை மாற்ற வேண்டுமாம்! இவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? “என் பேரை வேணா எடுத்துடுங்க. அந்தப் பேரை எடுக்காதீங்க.”

எடுத்துவிட்டார்கள்! இயக்குநர் பெயர் இல்லாமலே பன்னிரண்டாம் பகுதி ஒளிபரப்பானது. ஓராண்டு வாய் திறப்பதில்லை என்று அவரிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு நடந்த கூத்து நாடறியும். இதை எடுத்தது எந்த மேதை? ஐரோப்பிய மேதையா, ஆசிய மேதையா? பத்திரிகை நண்பர்களே, நீங்கள் பதினேழு பெயர்கள் எழுதினீர்கள், நான் எண்ணினேன். இவர் பெயர் அதில் இருந்ததா? இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த உண்மையை, ஓராண்டாக ஒருவர்கூட வெளியே விடவில்லை. மூன்று கோப்பைக்கு மேல் குடித்தால் முழுக் கதையும் சொல்லிவிடும் டெல்பர்ட்கூட விடவில்லை! என் ஊரே, உனக்கு என் முதல் நன்றி. நேற்றோடு அந்த வாக்கு முடிந்தது. எழுதிக்கொள்ளுங்கள் நண்பர்களே: ஹெர்ப் டக்கெட். நாய்க் கல்யாணம் எடுத்த ஹெர்ப் டக்கெட்!

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன், சைமா. கல்லறைத் தோட்டத்தில் ஏய்னோவுக்கு ஒரு கல் வைக்கலாம் என்று பாஸ்டர் ஆண்டுதோறும் கேட்பார். ஆண்டுதோறும் நான் மறுப்பேன். அந்தக் காட்சி எடுத்து மூன்றாம் நாள் நானே அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். “கல்லு வைக்கலாம், பாஸ்டர்.”

மே மாதம் வைத்தோம். ஹெர்ப் கலிபோர்னியாவிலிருந்து இரண்டு நாள் காரோட்டி வந்தார். கல்லின் முன் நின்று என்ன பேசுவதென்று தெரியாமல், எங்கள் கல்யாணத்தன்று ஏய்னோ புது உடுப்போடு படகுத்துறையில் வழுக்கி ஆற்றில் விழுந்ததையும், பாஸ்டரின் அப்பா அவரைத் தூண்டில் கொக்கியால் இழுத்ததையும் சொன்னேன். எல்லோரும் தலைகுனிந்து நின்றீர்கள். சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றீர்கள். அப்போது ஒருவர் வெடித்துச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இவர் சிரித்தார்! அடுத்து வெர்னா சிரித்தாள். பிறகு ஊரே சிரித்தது. பதினோரு ஆண்டுகளாக என் முன்னால் என் கணவரின் பெயரை முணுமுணுத்தே வந்த ஊர், அன்றுதான் அவரை நினைத்து வாய்விட்டுச் சிரித்தது. அன்றுதான் நானும் ஏய்னோவும் வீடு வந்து சேர்ந்தோம்.

மர்மத்துக்கு ஏற்ற இயக்குநர் யார் என்று உலகம் கேட்கிறது. பயமுறுத்தத் தெரிந்தவரா? விளக்கத் தெரிந்தவரா? தெரியாது என்பதைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரியாதவளின் பக்கத்தில் அமரத் தெரிந்தவர்! அவர்தான் அய்யா இயக்குநர்!

ஹெர்ப் அவர்களே, எழுந்து வாருங்கள். தொப்பியைத் தேட வேண்டாம், அது கீழே விழுந்துவிட்டது. யாராவது எடுத்துத் தருவார்கள். உங்கள் பெயரைத் திரையில் போட என்னால் முடியாது. இந்த மேடையில் நிறுத்த முடியும். அவையோரே, அவர் இங்கே ஏறி வரும்வரை கைதட்டலை நிறுத்தாதீர்கள்! பொறுமையோடு கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்!