புவாலுவின் மேல்முடி

சடை நாய்க்கு முடி வெட்டுவது ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. பலருக்கு இது தெரிவதில்லை. நாயைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு போய்க் கடை மேஜையில் நிறுத்தினால் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். முதல் தடவை போகிற நாய்க்கு மேஜையைக் கண்டால் பயம், கத்தரியைக் கண்டால் பயம், காற்று ஊதுகிற மிஷின் என்றால் இன்னும் பயம். அந்தப் பயத்தையெல்லாம் வீட்டிலேயே தெளிய வைத்துத்தான் அனுப்ப வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது உண்டு.

இன்ஸ்பெக்டர் ஆதிமூலம் அவர்களே, உங்கள் ரைட்டர் எழுதிக்கொள்வார் என்றீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் கேட்டு வாங்கினேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவருடைய கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவன் நான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவன், எங்களை இந்த ஊரில் சொல்தா என்பார்கள். லப்போர்த் வீதியில் சொல்தா எதுவார் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் முன்சுவருக்கு மஞ்சள் அடிக்காமல் நான் விட்டதில்லை.

நாய் என் மனைவி ஏலிஸுடையது. மகன் மாக்சிம் பாரீசுக்கே போய்விடுவது என்று முடிவான பிறகு, அம்மாவுக்குத் துணை இருக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்தான். லாசா ஜாதி, வெள்ளை, முகம் எது முதுகு எது என்று தெரியாத சடை. புவாலு என்று நான்தான் பேர் வைத்தேன். பிரெஞ்சில் முடிக்காரன் என்று அர்த்தம். துணைக்கு நான் இருக்கும்போது இன்னொரு துணை எதற்கு என்று கேட்டேன். அவன் பெட்டியைக் கட்டப் போய்விட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகள்.

நாய்க்குப் பிரெஞ்சில்தான் கட்டளை. அசி என்றால் உட்கார வேண்டும், கூஷே என்றால் படுக்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் நான் சொல்வதில்லை. தெருவில் மற்றவர்கள் தங்கள் நாயிடம் கெஞ்சுவதைப் பார்க்கிறேன், சிரிப்பு வருகிறது. அடியாத மாடு படியாது என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

லாஸ்பேட்டையில் இனியா என்ற பெண் நாய்களுக்கு முடி வெட்டும் கடை திறந்திருக்கிறாள் என்று கோயிலில் யாரோ ஏலிஸிடம் சொல்லியிருக்கிறார்கள். நாய் நாற்றமடிக்கிறது, கூட்டிப் போகலாமா என்று என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. சரி என்று என் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தேன். அவளுடைய போன் என்னிடம்தான் இருக்கும், அவளுக்கு எதையும் எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிற குணம். பேசும்போது ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். அது எங்கள் வீட்டு வழக்கம்.

அந்தப் பெண் அக்கறையாகத்தான் பேசினாள். "ஆன்ட்டி, மொதல் தடவங்கிறீங்க, இப்பவே பழக்க ஆரம்பிச்சுடுங்க. தெனமும் கால் வெரல தொட்டுத் தொட்டு வுடுங்க. சத்தம் போடற மிஷின் எதுனா இருந்தா தூரத்துல ஓட வுட்டு, கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டாங்க. சீவறப்ப மேலாப்ல சீவாதீங்க, தோல் வரைக்கும் சீப்பு போவணும். சிக்கு இருந்துச்சுன்னா தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க, அடியில இறுகிப் போயிடும்."

வரும் வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி காலை என்று ரான்தேவு கொடுத்தாள். நேரம் குறித்துக் கொடுத்துவிட்டால் அதற்கு நாங்கள் சொல்கிற வார்த்தை அது. எங்கள் வீடுகளில் ரான்தேவு என்றால் ரான்தேவுதான். செத்தால்தான் தவற விடலாம் என்று என் அப்பா சொல்வார்.

போனை வைக்கப் போகிற நேரத்தில் ஏலிஸ் இன்னும் ஒன்று சொன்னாள். "மொத்தமா எடுத்துடும்மா. ஒரு முடி நிக்கக் கூடாது. தோல் தெரியணும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் காலம் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே பயிற்சியை ஆரம்பித்தேன். வண்டியில் தூசு ஊதுகிற புளோயர் ஒன்று என்னிடம் இருக்கிறது, வீடே அதிரும். அதைப் பின்கட்டு முற்றத்தில் தினமும் காலையில் ஓட விட்டேன். நாய் ஊளையிட்டது. பக்கத்து வீட்டு நிர்மலாதேவி மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். "என்னா சார், காலங்காத்தால ரைஸ் மில்லு வச்சிட்டீங்களா?" விஷயத்தைச் சொன்னேன். நாய்க்காக இவ்வளவு மெனக்கெடுகிற ஆம்பளையை எங்கேயும் பார்த்ததில்லை என்றார். நாலைந்து நாளில் அவருக்கே பழகிவிட்டது. "இப்பல்லாம் ஒங்க மிஷின் சத்தம் கேட்டாதான் நான் இட்லியே ஊத்தறேன்" என்று சிரித்தார். நாயும் ஊளையை நிறுத்திவிட்டது. நிறுத்தும்படி நான் சொன்னேன்.

காலைத் தொடுவதுதான் சிரமமாக இருந்தது. நான் கையை நீட்டினாலே நடுங்கும். சீவவும் செய்தேன். முதுகிலிருந்து வால் வரை பட்டு மாதிரி பளபளக்கும். சீப்பைத் தோல் வரை விட்டால் மட்டும் அது பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது. அதற்குக் காரணம் உண்டு. உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. வந்த புதிதில் கூடத்தில் மூத்திரம் போகும். சிகரெட் நுனியால் சின்னதாக ஒரு சூடு வைப்பேன். மாட்டுக்குச் சூடு போடுவதில்லையா? ஒரு தப்புக்கு ஒரு சூடு. தப்பு நிறைய செய்தது. பிறகு திருந்தியது. சடை மூடிக்கொண்டதால் பார்க்கவும் அசிங்கமாக இல்லை.

அப்படிச் சீவிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் எனக்கு உறைத்தது. முடி முழுக்கப் போனால் அந்தப் பெண் அதையெல்லாம் பார்ப்பாள். ஏலிஸுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள்.

ஏலிஸை ஊரில் வாயில்லாப் பூச்சி என்பார்கள். அது உண்மை. கல்யாணமான நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. மே மாதத்திலும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். அதுதான் அவளுக்கு எடுப்பு என்று நான் சொல்லியிருந்தேன். பூசை முடிந்து வாசலில் நின்று பேசும்போது, ஏன் இந்த வெயிலில் இப்படி என்று யாராவது கேட்டால், ஒத்துக்கொள்வதில்லை, தோல் அலர்ஜி என்று சொல்வாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே சொல்வாள். குடும்ப மானம் தெரிந்தவள். அப்படிப்பட்டவள், தன் கையைக் காட்ட தைரியம் இல்லாமல் நாயின் முதுகைக் காட்டப் பார்த்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமாக இருந்தது. முப்பது வருஷம் பக்கத்தில் படுத்தவள் என்னிடம் நேரே சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை அவள் முற்றத்தில் உட்கார்ந்து நாயை மடியில் வைத்துக்கொண்டு, காதோரச் சிக்கைக் கத்தரிக்கோலால் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். "போன் பண்ணி, நாய்க்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"அதுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குதுங்க. அந்தப் பொண்ணு பாக்கட்டும்."

"எத பாக்கட்டும்?"

அவள் கத்தரிக்கோலை மடியில் வைத்தாள். இடது கையின் முழுக்கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டாள். அந்தக் கையை வெளிச்சத்தில் நானே வெகு நாளாகப் பார்த்ததில்லை. "மொதல்ல அத பாக்கட்டும்" என்று நாயைத் தடவினாள். "அப்புறம் இத பாக்கட்டும்."

புளோயர் அப்போது ஓடிக்கொண்டிருந்தது, அதனால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். அது ஓடவில்லை. அன்றைக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. நான்தான் நடந்து போய் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. அவள் எழுந்து ஓடியிருந்தால் நான் துரத்தியிருக்க மாட்டேன், அந்த வயசும் இல்லை. அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

அவள் மடியிலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்தில் முதலில் குத்தினேன். அவள் கையை உயர்த்தினாள், சுருட்டின கையைத்தான். அதனால் கையிலும் பட்டிருக்கும். பிறகு நெஞ்சில். எத்தனை என்று நான் எண்ணவில்லை, அரசு மருத்துவமனையில் எண்ணியிருப்பார்கள். தையல் கத்தரி மொட்டையானது, கொஞ்சம் பலம் தேவைப்பட்டது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து தரையில் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் மூச்சு சலசலவென்று கேட்டது. நாய் குதித்துக் குதித்துச் சுற்றியது. அதுவரை கேட்காத ஒரு சத்தம் போட்டது. மிஷினையும் மீறி நிர்மலாதேவிக்குக் கேட்டுவிடுமே என்று, "கூஷே" என்றேன்.

உடனே படுத்தது. நின்ற இடத்திலேயே, ஏலிஸின் நெஞ்சோடு ஒட்டி, ரத்தத்திலேயே படுத்தது. அவள் மூச்சு நிற்கும்வரை அசையவில்லை. அவ்வளவு நல்ல பழக்கம்.

அவளைக் குளியலறைக்கு இழுத்துப் போட்டேன். முற்றத்தைக் கழுவினேன். நாயை இரண்டு தடவை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, அதே புளோயரால் காய வைத்து, சீவினேன். அப்படி ஒரு வெள்ளையை அந்த நாயிடம் நான் பார்த்ததே இல்லை. நிர்மலாதேவி மதிலிலிருந்து பார்த்துவிட்டு, "மாப்ள மாதிரி இருக்கான் சார்" என்றார். ஆன்ட்டி வரவில்லையா என்று கேட்டார். வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

ஏன் நேரே கடைக்குப் போனீர்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. ரான்தேவு கொடுத்திருந்தார்கள். நான் போகாவிட்டால் அந்தப் பெண் போன் செய்வாள், என்ன ஏது என்று விசாரிப்பாள். அதைவிடப் போய், மேலாக மட்டும் வெட்டச் சொல்லிவிட்டு, நன்றிக்கு ஒரு மெர்சி சொல்லி வந்துவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

நாயை மேஜையில் வைத்ததும் இனியா விரலைச் சடைக்குள் விட்டாள். முகம் மாறியது. "அங்கிள், குளிப்பாட்டினீங்களா? தண்ணி ஊத்தாதீங்கன்னேனே. மேல மட்டும் சீவி வச்சிருக்கீங்க, அடியில வயிறு பூரா கம்பளி மாதிரி இறுகிக் கெடக்குது. இன்னும் ஈரம் வேற."

மேலாக வெட்டினால் போதும் என்றேன்.

"முடியாது அங்கிள், வலிக்கும் பாவம். ஆன்ட்டியும் முழுசாத்தான எடுக்கச் சொன்னாங்க?"

அப்போதே நாயைத் தூக்கிக்கொண்டு நான் வெளியே வந்திருக்கலாம். கடையில் இன்னும் இரண்டு பேர் தங்கள் நாய்களோடு உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் பார்க்க ஒரு பெண்ணிடம் குரலை உயர்த்துகிற பழக்கம் எனக்கு இல்லை. வெளியே நான் யாரிடமும் குரலை உயர்த்தியதே இல்லை. தெருவில் விசாரித்துப் பாருங்கள்.

முடி எடுக்கிற மிஷின் ஓடியது. நாய் ஆடாமல் அசையாமல் நின்றது. அந்தப் பெண்ணே ஆச்சரியப்பட்டாள். முதுகு வெளிவந்ததும் அவள் குனிந்தாள். ஒவ்வொரு தழும்பாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு வயிற்றுப் பக்கம் எடுத்தாள். சிக்கு முழுசும் ஒரே தோலாக, ஒரு பழைய கம்பளித் துண்டைப் போல உரிந்து வந்தது. வெளிப்பக்கம் வெள்ளை. அவள் அதைத் திருப்பினாள். உள்பக்கம் சிவப்பாக, பிசுபிசுவென்று இருந்தது.

"ஐயோ, எங்க காயம்?" என்று நாயின் வயிறு, நெஞ்சு, கால் இடுக்கு எல்லாம் தேடினாள். காயம் இல்லை. முதுகைத் திரும்பப் பார்த்தாள். "இதெல்லாம் ஆறிப் போனது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மிஷினை அணைத்தாள். கடை சட்டென்று அமைதியானது.

"அங்கிள், ஆன்ட்டி எங்க?"

கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றேன். அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டாள். ஏலிஸின் போன் என் சட்டைப் பையில் அடித்தது. அடித்து ஓயும்வரை நான் அதைத் தொடவில்லை.

அடுத்து அவள் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள், மற்ற இருவரும் எழுந்து வாசலை மறித்து நின்றார்கள். தேவையே இல்லை, நான் ஓடுகிறவன் இல்லை. நீங்கள் வரும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஏலிஸைக் கொன்றது நான்தான். அதில் எனக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

நாயைப் பற்றித்தான் ஒன்று சொல்ல வேண்டும். நான் கொடுமைக்காரன் என்று இனியா உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சின்னப் பெண், தெரியாமல் சொல்கிறாள். அடிக்கிற கைதான் அணைக்கும். நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவள் புவாலுவைத் துண்டில் சுற்றி மேஜையிலிருந்து கீழே இறக்கினாள். கதவு திறந்துதான் இருந்தது. அது எங்கே வேண்டுமானாலும் ஓடியிருக்கலாம். நான் மெதுவாக, "கூஷே" என்றேன். துண்டை உதறிவிட்டு, வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு ஊர்ந்து வந்து, என் ஷூவின் மேல் மோவாயை வைத்துப் படுத்தது. பாசம் இல்லாமலா வரும்? அதைப் பார்த்து அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

படுத்தவுடன் அது என் காலடியிலேயே மூத்திரம் போய்விட்டது, உடம்பெல்லாம் உதறிக்கொண்டிருந்தது. மிஷினை அணைத்து வெகு நேரம் ஆகியிருந்தாலும் அந்தச் சத்தத்தின் பயம் அதற்கு இன்னும் தெளியவில்லை. இன்னும் கொஞ்ச நாள் நான் பொறுமையாகப் பழக்கியிருக்க வேண்டும்.