நுனிக்கு மட்டும்

ஆளிவிதையைக் கொதிக்கவைக்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் இறுகிவிடும், அப்புறம் எந்தத் துணியிலும் வடியாது. சூடு ஆறுவதற்குள் வடிகட்டி, கற்றாழைச் சோற்றை அடித்துச் சேர்த்து, நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால், கடையில் விற்கிற கண்டிஷனர் கிட்டே நிற்க முடியாது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்லரில் எனக்குப் பதினோரு வருட வேலை. எத்தனையோ தலைகளை அலசியிருக்கிறேன், என் தங்கையின் கூந்தல் மாதிரி ஒன்றைப் பார்த்ததில்லை. அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவள் தலையை அலசுவது நான்தான். வாரம் முழுக்க ஊரார் தலை. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கென்று இருந்தது.

போன வருடம் அவளுக்கு விமானப் பணிப்பெண் வேலை கிடைத்தது.

"மூணு மாசத்துல கிளம்பணும்க்கா. அங்க நானே தலை அலசிக்குவேன், நீ கவலைப்படாதே" என்று சிரித்தாள். 

அடுத்த வாரம் கண்டிஷனரை நீல மூடி, வெள்ளை மூடி என்று இரண்டு பாட்டில்களில் ஊற்றினேன். நீல மூடி பாட்டிலில் மட்டும், பார்லரில் கால்முடி நீக்கப் பூசுகிற களிம்பைக் கலந்தேன். கொஞ்சம்தான். நான் கையுறை போட்டுக்கொண்டதைத் தொழில் பழக்கம் என்று நினைத்தாள்.

"எரியுதுக்கா."

"புதுசு, அப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கோ."

ஐந்தாவது வாரம் முடி கொத்துக் கொத்தாக வந்தது. ஏழாவது வாரம் தலையில் புண். கிளம்ப வேண்டிய தேதி தாண்டியது. என் மடியில் படுத்து, "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னக்கா ஆவேன்" என்று அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை. குணமாகி வரட்டும், ஆறு மாதம் காத்திருக்கிறோம் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அதனால் நிறுத்த முடியவில்லை.

எங்கள் முதலாளியம்மா அவளைப் பார்க்க வந்ததுதான் வினை. கண்டிஷனர் எப்படிப் போடுகிறாய் என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

"அக்காதான் போட்டு விடுவா. வேர்ல நல்லா அழுத்தித் தேய்ப்பா" என்றாள் தங்கை.

முதலாளியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்டிஷனர் நுனிக்கு மட்டும்தான், வேரில் படக்கூடாது. வேலைக்குச் சேர்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே அதைச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

"பதினோரு வருஷமா இந்த வேலை பாக்கறே. உனக்கா தெரியாது?" என்று கேட்டார். அவர் நேரே குளியலறைக்குப் போய் இரண்டு பாட்டில்களையும் முகர்ந்து பார்த்தார். நீல மூடியைத் திறந்ததுமே அந்தக் களிம்பின் நெடி அடித்தது.

ஆமாம், நான்தான் செய்தேன். இனி அந்தத் தலையில் முடி முளைக்காது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன். ஆனால் என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு துணிப்பை இருக்கிறது, அதை எடுத்து அவளிடம் கொடுங்கள். உதிர்ந்த முடியில் ஒன்றைக்கூட நான் வீணாக்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் சிக்கெடுத்து, அலசி, சவுரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அதற்கு வெள்ளை மூடி பாட்டில்தான், நுனியில் மட்டும்தான் போட்டேன். அவளுக்குக் கெடுதல் நினைக்கிறவள் இவ்வளவு பக்குவமாகப் பார்த்துக்கொள்வாளா, நீங்களே சொல்லுங்கள்.