நடு கியர்

மௌலா அலியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. எனக்கு முன்னால் கியர் சைக்கிளோடு நின்றவரிடம் ஒரு பெண் கேட்டாள்.

"நீங்க தமிழா அண்ணே? எங்க வீட்லயும் இதே வண்டி இருக்கு. நேத்து என் தம்பி ஓட்டிப் பாத்தான். நடு கியர்ல ஏத்தத்துல மிதிச்சா பெடல் திடீர்னு சும்மா சுத்துதாம்."

"கேபிள் தளர்ந்திருக்கும்மா. பின்சக்கரத்துக்கிட்ட சின்னச் சங்கிலி ஒண்ணு இருக்கும். அதைக் கொஞ்சம் இறுக்கினா போதும்."

"இறுக்காம ஓட்டினா?"

"ஆளைக் கீழ தள்ளிடும்."

"குடிக்காத ஆளையுமா?"

"ஹவ்... ஆமாம்மா, யாரா இருந்தாலும். ஏன் கேக்கறீங்க?"

கேட் திறந்தது. இரண்டு பேரும் நகரவில்லை.

"எங்க வீட்டுக்காரர் குடிச்சிட்டுத்தான் அந்த வண்டியிலேர்ந்து லாரிக்கு முன்னால விழுந்தாருன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன். அவரைப் புதைக்கறப்பகூட அழல அண்ணே."