மடியில் பைகளோடு

மணி மூன்றரை. ராத்திரி மூன்றரை இல்லை... பட்டப்பகல். பேய்க்கு இருட்டுதான் தோதுப்படும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஷாப்பிங் மாலுக்குள் ஜன்னலும் கிடையாது, கடிகாரமும் கிடையாது. உள்ளே நுழைந்தவனுக்கு எது பகல், எது இரவு?

ஆள் யாரென்றால், என் நண்பனுடைய அக்கா புருஷன். குடும்பத்தில் அவருக்கு 'ஏழுமாடியார்' என்று பெயர். ஏழு மாடிக்குக் குறைந்த மாலுக்குள் கால் வைக்கமாட்டார். நாடு நாடாகப் பறப்பார். கடலைப் பார்க்கமாட்டார், மலையைப் பார்க்கமாட்டார். மால் மாலாக ஏறி இறங்கி, போனில் படம் பிடித்துத் தன் சேனலில் போடுவார். "நம்ம ஊர்ல இருக்கறதெல்லாம் மாலாப்பா? பெட்டிக்கடைக்கு ஏசி மாட்டி வச்சிருக்கான்!" இழவு வீட்டில், செத்தவரின் மகனைப் பிடித்து வைத்து எஸ்கலேட்டரின் நீளத்தை விளக்கிய மகான்.

போகிற இடமெல்லாம் அக்காவையும் கூட்டிப் போவார். பாசம் என்று நாங்கள்கூட ஏமாந்திருக்கிறோம். அப்புறம்தான் புரிந்தது, பை வைக்க ஒரு மடி வேண்டும். மாலுக்குள் நுழைந்ததும் அக்காவை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, பைகளை மடியில் அடுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார். அக்கா என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறாள் என்று கேட்டால் முழிப்பார். மடியில் பை இருந்தால் மனைவி. அவ்வளவுதான் அவருக்கு அடையாளம்.

அன்றைக்குத் தரைத்தளத்தில், நீரூற்றுக்குப் பக்கத்துப் பெஞ்ச்.

"இங்கேயே இரு. நகராதே. அஞ்சே நிமிஷம்."

"ராத்திரி பிளைட்டுங்க... பொண்ணுக்கு நாள் நெருங்கிடுச்சு. இன்னைக்காவது சீக்கிரம் வாங்க."

"பிரசவம் டாக்டர் பார்ப்பார். நான் போய் என்ன பண்ணப் போறேன், ரிப்பன் வெட்டவா?"

போனார். மாடி மாடியாக ஏறினார். உச்சியில், கடைசிப் பகுதிக்கு வந்தபோது... ஆளே இல்லை. கடைகளுக்கெல்லாம் ஷட்டர் இறங்கியிருந்தது. துணி இல்லாத, தலை இல்லாத பொம்மைகள். யாரும் ஏறாத எஸ்கலேட்டர் தானாக ஓடிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக்... ஈரச் சிமெண்ட் வாடை. பழைய பாப்கார்ன் வாடை.

வேறு எவனாக இருந்தாலும் திரும்பியிருப்பான். இவர் போனை உயர்த்தி, "நண்பர்களே, இதுக்குப் பேருதான் பிரம்மாண்டம்!" என்றார். ஈ ஓட்டுவதற்கும் ஒரு பெயர் வைக்க வேண்டாமா?

வழி தவறிவிட்டது. ஒத்துக்கொள்வாரா? யாரையாவது கேட்பாரா? கண்ணைப் போனிலிருந்து எடுக்காமல், கிடைத்த எஸ்கலேட்டரில் எல்லாம் இறங்கினார். கடைசியில் ஒரு நீரூற்று. பக்கத்தில் பெஞ்ச். முதுகு காட்டி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் பைகள்.

நீரூற்றில் தண்ணீர் இல்லை. அதை அவர் பார்க்கவில்லை.

"எழுந்திரு, போலாம்."

அவள் எழுந்தாள். முழங்கால் இரண்டும் மடக், மடக் என்றன... ரொம்ப நாளாக மடங்கியே இருந்தவை போல. பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

டாக்சியிலும் அவர் தலை நிமிரவில்லை. எடுத்த படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். வண்டிக்குள் ஈரச் சிமெண்ட் வாடை. டிரைவர் ஒருமுறை கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். அப்புறம் அந்தக் கண்ணாடியை மேலே திருப்பி விட்டுவிட்டார்.

போன் அடித்தது. அக்காவின் நம்பர்.

"பக்கத்துல உக்காந்துக்கிட்டே போன் பண்றியா? என்ன விளையாட்டு இது?"

"எங்க பக்கத்துல? நான் இங்க பெஞ்சுலதாங்க இருக்கேன். நகரக் கூடாதுன்னீங்களே... இப்பத்தான் என் முன்னாடியே போனைப் பார்த்துக்கிட்டுப் போனீங்க. கத்திக் கூப்பிட்டேன், திரும்பல. பின்னாடி பையோட வந்தாளே... யாருங்க அவ?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, பக்கத்தில் இருப்பவளின் முகத்தை நன்றாகத் திரும்பிப் பார்த்தார் ஏழுமாடியார்.

அக்காவுக்குப் போனில் கேட்டது ஒரு பெண் குரல் மட்டும்தான். ரொம்ப மெதுவாக... "எவ்வளவு நேரம் உக்கார வச்சுட்டீங்க..."

அவ்வளவுதான். லைன் போய்விட்டது.

பாஸ்போர்ட் எல்லாம் அக்காவின் கைப்பையில்தான் இருந்தது. அதனால் அவள் மட்டும் ஊர் வந்து சேர்ந்தாள். பேரன் பிறந்தான். நண்பன் அந்த ஊருக்கே போய் டாக்சிக்காரரைத் தேடிப் பிடித்தான். "அந்தம்மா திரும்ப மாலுக்கே விடச் சொன்னாங்க. இறங்குற வரைக்கும் சார் வாயைத் திறக்கல" என்றாராம்.

"மச்சான் வாயைத் திறக்கலன்னான் பாரு... அங்கதாண்டா நான் போலீசுக்கு ஓடினேன்" என்றான் நண்பன்.

மாலுக்குள் தேடினார்கள். போலீஸ் தேடியது. அப்படி ஒரு காய்ந்த நீரூற்றே அங்கே இல்லையாம்.

ஆனால் சேனல் நிற்கவில்லை. வாராவாரம் ஒரு வீடியோ. அதே பிரம்மாண்டம், அதே அலட்டல், அவர் குரல். வாராவாரம் அந்தக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. அவர் ஆயுளில் காணாத கூட்டம் இப்போதுதான் பார்க்கிறது. பாவம், பெருமையடிக்கத்தான் ஆள் இல்லை.

போன வாரம் வந்ததில் அவர் பேச்சே இல்லை. காய்ந்த நீரூற்று. பெஞ்ச். அதில் ஏழுமாடியார் உட்கார்ந்திருந்தார். மடியில் பைகள். கேமரா அவரை விட்டுப் பின்னால் போகப் போக, கண் மட்டும் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கடையின் கண்ணாடியைக் கேமரா கடந்தது. போனைப் பிடித்திருந்த கை அதில் தெரிந்தது... கை நிறைய வளையல்.

அப்புறம் அந்தப் பெண் குரல்.

"இங்கேயே இருங்க. நகராதீங்க. அஞ்சே நிமிஷம்."