எதிர்க்கடைக்காரர் நாக்கு

இந்தத் திறப்பு விழாவுக்குத் தலைமை ஏற்று, தானும் இந்தக் கடைக்குப் பங்காளி என்பதையே மறந்து கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் டீக்கடை அண்ணாச்சி வேல்சாமி அவர்களே! ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருமை காக்கும் பெரியோர்களே! வன்னியம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, பந்தலில் இடமின்றி வேப்பமரத்தடியில் நிற்கும் தாய்மார்களே! பேச்சு எப்போது முடியும், தம்ளர் எப்போது கைக்கு வரும் என்று என் வாயையே பார்க்கும் என் வருங்கால வாடிக்கையாளர்களே! ராஜபாளையத்து சர்பத் கடைக்காரன் அகமது கபீரின் அன்பு வணக்கம்.

பால்கோவா ஊரில் வந்து இனிப்பு விற்கிறானே, கொல்லன் தெருவில் ஊசி விற்கிறானே என்று கேட்பீர்கள். கேளுங்கள்! நான் விற்பது என்ன? வெந்த ஜவ்வரிசி. வேகும்வரை வெறும் வெள்ளை. வெந்துவிட்டாலோ கண்ணாடி மணி! நன்னாரிப் பாகும் பாலும் பனிக்கட்டியும் நிறைந்த தம்ளரில் அந்த மணிகள் மெல்ல மிதந்து, மெல்லச் சுழன்று, மெல்ல இறங்கும்போது பேசிக்கொண்டிருப்பவர் பேச்சு நின்றுபோகும். நான் மில் வேலையை உதறியதே அந்தக் காட்சியில் மயங்கித்தான்.

எண்பத்தெட்டாம் வருடம் பங்குனியில் கடை போட்டேன். சித்திரையில் நோன்பு வந்தது. யோசித்துப் பாருங்கள்! ஊரே தாகத்தில் தவிக்கும் மாதம். ஒரு துளி நாக்கில் வைக்க முடியாத சர்பத்காரன்! எனக்கும் நோன்பு, ஜவ்வரிசி வேகவைக்கும் என் மனைவி ஹாஜராவுக்கும் நோன்பு. ருசி பார்ப்பது யார்? முதல் கோடையில் பெயர் கெட்டால் மறு கோடை உண்டா? மில் வாசல்தான் மறுபடி திறக்குமா?

எதிர்த்தாற்போல் அண்ணாச்சி டீக்கடை. நான் வந்த பிறகு அவருடைய மத்தியான வியாபாரம் படுத்துவிட்டது. அவரிடமே போய் நின்றேன்.

"அண்ணாச்சி, செத்த நேரம் வந்து ருசி பாத்துச் சொல்லுவியளா?"

"ஏலே, என் கடைய காலி பண்ணுத சர்பத்துக்கு நானே உப்புக் காரம் பாக்கணுமாக்கும்?" என்றார். ஆனால் மறுநாள் பதினோரு மணிக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அந்த நாட்கள் இன்றும் எனக்குக் கனவுபோலத்தான் இருக்கின்றன. உச்சி வெயில். நா வறண்டு கண் மங்கி நிற்பேன். அவர் தொண்டையில் சர்பத் இறங்கும். என் தொண்டை குளிரும். அவர் கண்மூடினால் இனிப்புச் சரி. ஒற்றைப் புருவம் ஏறினால் பாகு தூக்கல். அவர் முகத்திலேயே நான் ஒரு மாதம் சர்பத் குடித்தேன், ஐயா!

மில்லில் சம்பளம் போட்ட ஒரு நாள். பெருங்கூட்டம் வருமென்று இரண்டு அண்டா நிறைய வைத்திருந்தேன். அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார். துப்பினார்.

"புளிச்சுப் போச்சுலே. அம்புட்டையும் கொட்டு."

என் மச்சான் சேக் முகைதீன் என்னை ஓரமாக இழுத்தார். "மாப்ள, இன்னைக்குப் பாத்துக் கொட்டச் சொல்லுதாவ. கூட்டம் அவிய கடைக்குப் போவணும்னுதான். நம்பாதீரும்!"

நம்பலாமா? நம்பக் கூடாதா? நன்னாரி வாசம் மூக்கை மறைக்கிறது. நாக்கோ நோன்பில் இருக்கிறது. தெருமுனையில் கூட்டம் வருவது தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு அண்டாவையும் சாக்கடையில் கவிழ்த்தேன். ஒரே ஒரு தம்ளர் மட்டும் மூடி வைத்தேன். அன்று கூட்டமெல்லாம் எதிர்க்கடைக்குத்தான் போனது. மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில் மூடியைத் திறந்தேன். தம்ளரில் நுரை பொங்கி நின்றது! முந்தின நாள் மிஞ்சியதை ஆசைப்பட்டுக் கலந்தவன் நான்தான். அதை ஹாஜராவிடம்கூட நான் சொல்லவில்லை. இன்று ஊரறியச் சொல்கிறேன்.

அங்கே யாரம்மா சிரிப்பது? சிரியுங்கள், எனக்கு வேண்டியதுதான்!

நோன்பு முடிந்து பெருநாள் அன்று அண்ணாச்சி கடைக்கு ஓடினேன். "அண்ணாச்சி, இன்னைக்கு மொத டீ உங்க கையால" என்றேன். அவர் மனைவி இசக்கியம்மாள் அக்கா ஓடிவந்தார். "ரெண்டா போடச் சொல்லும் தம்பி! ஒரு மாசமா இவியளும் விடிஞ்சதுல இருந்து டீயத் தொடல. நாக்குல டீ ருசி நின்னா ஒம்ம சர்பத்துக்குத் தப்பாச் சொல்லிருவாவளாம்!"

தாய்மார்களே! விடியலிலிருந்து டீ ஆற்றும் மனிதர், பதினோரு மணிவரை தன் டீயைத் தானே குடிக்கவில்லை. யாருக்காக? தன் வியாபாரத்தைப் பறித்தவனுக்காக! தெருவில் என் பக்கம் மட்டும்தான் நோன்பு என்று நினைத்திருந்தேனே. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று அவர் ஆறிய டீயை என் ஜவ்வரிசி மேல் ஊற்றி நீட்டினார். அதுதான் இந்தக் கடையின் முத்து டீ. அவர் டிகாஷன், என் மணிகள். எட்டு வருடக் கனவுக்கு இன்று உங்கள் ஊரில் கதவு திறக்கிறது.

அண்ணாச்சி, முதல் தம்ளர். பிடியுங்கள்... என்ன, புருவம் ஏறுகிறது? சீனி தூக்கலா? கேட்டீர்களா, திறப்பு விழாவிலேயே சொல்கிறார்! ஹாஜரா, அண்டாவை இறக்கு!

மன்னியுங்கள், பெரியோர்களே. பத்து நிமிடம் பொறுங்கள். அவர் கண் மூடினால்தான் உங்கள் கைக்குத் தம்ளர் வரும். காத்திருக்கும் உங்கள் தாகத்துக்கு என் நன்றி. உங்கள் எல்லோருக்கும் சலாமும் வணக்கமும்.